ஓலீட்டாவின் விரலும் கத்தரிப்பூ நிறத் துப்பாக்கியும்

ஓலீட்டா ஸ்ட்ரேஹார்ன் யாரோடும் கை குலுக்க மாட்டாள். சர்ச் வாசலில் பாதிரியார் கையை நீட்டினால் இவள் முழங்கையை நீட்டுவாள். புதிதாக வந்த பாதிரியார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஓலீட்டா முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கடைசியில் நான்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அது திமிர் இல்லீங்க பாஸ்டர். கோழி."

எங்கள் ஊர் ஹார்னெட் ரிட்ஜில் பாதிப் பேருக்குக் கோழித் தொழிற்சாலைதான் சோறு போடுகிறது. அதில் எலும்பு எடுக்கிற வரிசை என்று ஒன்று உண்டு. கோழிகள் பல்லக்கில் ஊர்வலம் போவது மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஒரே வெட்டு, ஒரே திருப்பு, அடுத்த கோழி. இடமோ ஐஸ்பெட்டிக்குள் நிற்கிற குளிர். ஓலீட்டா பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அங்கேதான் நின்றாள். அவள் விரல்கள் கத்தியைப் பிடித்த வாக்கிலேயே நின்றுவிட்டன. டாக்டர் மணிக்கட்டைக் கீறித் தைத்தார், பிறகு இன்னொரு தரம் கீறித் தைத்தார். வலி கொஞ்சம் குறைந்தது, பலமும் கூடவே போய்விட்டது. வலது ஆள்காட்டி விரல் பாதிவரைதான் மடங்கும். அதற்குமேல் நீங்கள் கெஞ்சினாலும் மடங்காது.

நான் ஏரிக்குப் போகிற ரோட்டில் தூண்டில் புழுவும் பொடிமீனும் விற்கிறவன். ஓலீட்டா ஊறுகாய் பாட்டில் வாங்கினால் வீட்டுக்குப் போகிற வழியில் என் கொட்டகையில் வண்டியை நிறுத்துவாள்.

"புழுக்காரா, மூடியைத் திற. கையக் கழுவிட்டுத் திற."

"கழுவாம திறந்தா ருசி கூடுமே, ஓலீட்டா."

"உன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் புரியுது."

அப்படி ஒரு வாய். கை போனவளுக்குக் கடவுள் வாயை விட்டுவைத்தார் என்று ஊரில் சொல்வோம். அந்த வாயும் ஒரே ஒருத்தன் முன்னால்தான் மூடிக்கொள்ளும். ராய்ஸ் டாக்கெட், அவள் புருஷன்.

ராய்ஸைப் பார்த்தால் யாரும் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். சிரித்த முகம். நாய்கள் அவனைக் கண்டால் மல்லாந்து வயிற்றைக் காட்டும். ஓலீட்டாவின் தோள்பட்டை எலும்பை உடைத்தவன் அவன்தான். அவள் படியில் விழுந்ததாகச் சொன்னாள், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அவன் ஜெயிலுக்குப் போனது அதற்காக இல்லை. ஏரியில் ஒருத்தனுடைய படகு மோட்டாரைத் திருடினான், தடுக்க வந்தவனை இரும்புக் கம்பியால் அடித்தான். பெண்டாட்டியின் எலும்புக்கு ஒரு நாள்கூட இல்லை, மோட்டாருக்கு வருஷக்கணக்கில். எங்கள் கோர்ட்டுக்கு எது விலை உயர்ந்தது என்று தெரியும்.

அவன் உள்ளே இருந்தபோது ஓலீட்டா விவாகரத்து வாங்கினாள். வீட்டுக் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். எலும்பு வரிசையிலிருந்து பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாறினாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்ந்து யாருக்கும் சேராத குரலில் பாடினாள். அந்தக் காலத்தில்தான் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு ராய்ஸின் சித்தி மகன் பெட்ரோல் பங்கில் அவளைப் பார்த்து, "ராய்ஸ் வெளிய வரான். வீட்டுக்குத்தான் வருவேன்னு சொல்லச் சொன்னான்" என்றான்.

ஷெரிப் ஆபீஸில் போய்ச் சொன்னாள். அங்கிருந்த டெபுடி நல்ல பையன், பெயர் கார்லண்ட் வீம்ஸ். "வந்தான்னா கூப்பிடுங்க மேடம். ஆனா நாங்க மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா வந்து சேர நேரமாகும். வீட்ல ஒரு துப்பாக்கி வச்சுக்கங்க" என்றான்.

ஆக, துப்பாக்கி வாங்க வேண்டும். அவள் கைக்கு அடங்குகிற, அவள் விரல் சுடக்கூடிய ஒரு துப்பாக்கி. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை துப்பாக்கி வாங்குவது கல்யாண மோதிரம் வாங்குகிற மாதிரி. அவள் விரலுக்குத்தான், ஆனால் தேர்ந்தெடுப்பது வேறு யாரோ. ஓலீட்டாவின் அண்ணன் வெர்லன் விஷயம் தெரிந்ததுமே, "நான் வாங்கித் தரேன்" என்று மார்பைத் தட்டிவிட்டான். வெர்லன் வீடு வீடாகக் கேஸ் நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன். இடுப்பில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டுதான் பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்டுவான். அவனை இதுவரை யாரும் சுட்டதில்லை, சுட நினைத்ததுகூட இல்லை, கடன் கேட்டு வந்தவர்களைத் தவிர.

ஹாய்ட் லெம்லியின் துப்பாக்கிக் கடையில் காப்பி இலவசம் என்பதால் நான் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். அண்ணனும் தங்கையும் அன்றைக்கு உள்ளே வந்தபோது இருந்தேன். சாட்சிக்கு என்னோடு இன்னும் நாலைந்து பேர், எல்லோரும் காப்பிக்கு வந்தவர்கள்.

ஹாய்ட் வெர்லனைப் பார்த்துக் கேட்டான். "தங்கச்சிக்கு என்ன மாதிரி வேணும்?"

தங்கச்சி பக்கத்திலேயே நிற்கிறாள்.

"சின்னதா. பையில போட்டுக்கிற மாதிரி. உதைக்கக் கூடாது. கை வலிக்காரி பாவம்" என்றான் வெர்லன்.

ஹாய்ட் கடையில் கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலைக்கு 'பெண்மணிகளுக்கு' என்று ஒரு அட்டை உண்டு. அதில் இருப்பதெல்லாம் ஐஸ்கிரீம் நிறங்கள். ஹாய்ட் அதிலிருந்து ஒரு குட்டி ரிவால்வரை எடுத்துத் துணிமேல் வைத்தான். கத்தரிப்பூ நிறம். வெர்லன் உள்ளங்கையில் வைத்தால் காணாமல் போய்விடும்.

"பாரு, ஒண்ணுமே கனமில்ல!" வெர்லன் அதைக் காற்றில் தூக்கிப் போட்டுப் பிடித்தான். "எலிக்குட்டி மாதிரி இருக்கு. இது எங்க உதைக்கப் போகுது?"

இங்கேதான் சங்கதி. நீங்கள் துப்பாக்கி பிடித்திருக்க மாட்டீர்கள், அதனால் என் தொழில் பாஷையில் சொல்கிறேன். லேசான தகரப் படகில் நின்றுகொண்டு கரைக்குத் தாவினால் படகு பின்னால் பறக்கும், நீங்கள் தண்ணீரில் விழுவீர்கள். பெரிய மரப்படகிலிருந்து தாவினால் அது கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். துப்பாக்கியும் அப்படியே. அதே தோட்டாவுக்கு லேசானது கழுதை மாதிரி உதைக்கும், கனமானது கையில் உட்கார்ந்தே இருக்கும். சின்னது என்றால் சின்ன உதை என்பது ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு. இது ஹாய்ட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், காப்பி குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். வெர்லனுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஓலீட்டா அதைக் கையில் வாங்கினாள். காலியா என்று திறந்து பார்த்துக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறிபார்த்து விசையை இழுத்தாள். விரல் போனது, பாதியில் நின்றது. இன்னொரு தரம் இழுத்தாள். கன்னத்தில் தசை துடித்தது. விசை அசையவில்லை.

"வெர்லன், விரல் இழுக்க மாட்டேங்குது."

"புதுசுல்ல, இறுக்கமா இருக்கும்."

"அது இறுக்கம் இல்ல. என் விரல் அங்க வரல."

அவள் கண்ணாடிப் பெட்டியின் மறு பக்கத்தை எட்டிப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்தில் ஒரு பிஸ்டல் இருந்தது. அழகு என்று சொல்ல முடியாத கறுப்பு, கொஞ்சம் கனம், நடுத்தரமான கைப்பிடி. "ஹாய்ட், அதக் காட்டு" என்றாள்.

ஹாய்ட் வெர்லனைப் பார்த்தான். வெர்லன் தோளைக் குலுக்கினான். பிறகுதான் ஹாய்ட் எடுத்துக் கொடுத்தான்.

இந்த மாதிரி பிஸ்டலுக்கு மேல்பகுதியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா ஏறும். பெரும்பாலானவற்றில் அதற்கே ஒரு ஆள் பலம் வேண்டும். ஓலீட்டா மடங்காத விரல்களை அப்படியே கவ்வி மாதிரி மேலே போட்டாள். இழுத்தாள். சோற்றுப் பானை மூடி நகர்கிற மாதிரி அது வழுக்கிக்கொண்டு வந்தது. விசையையும் இழுத்தாள். டிக்.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலை அவளே திறந்துவிட்ட மாதிரி.

"இது வருது, வெர்லன். இது எனக்கு வருது!"

வெர்லன் அதற்கான தோட்டா ஒன்றை ஹாய்ட்டிடம் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "இதுவா? இத வச்சு ராய்ஸைச் சுட்டா, கொசு கடிச்சதுன்னு சொறிஞ்சுக்குவான். இது அணிலுக்கு. மனுசனுக்கு மனுசன் தோட்டா வேணும். என்ன ஹாய்ட்?"

ஹாய்ட் காப்பியைக் கலக்கினான். அதில் சர்க்கரையே இல்லை. "அவங்கவங்க கையப் பொறுத்தது" என்று முனகினான்.

"பாத்தியா, ஹாய்ட்டே சொல்றான்."

"ஹாய்ட் அப்படிச் சொல்லலியே" என்றேன் நான். "அவ கையப் பொறுத்ததுன்னான். உன் வாயப் பொறுத்ததுன்னு சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் கெட்டது. வெர்லன் காது சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அது துப்பாக்கி விஷயமாக இல்லை, வெர்லன் விஷயமாகிவிட்டது.

"ஏய் புழு, நீ புழுவப் பாரு. என் தங்கச்சியக் காப்பாத்த எனக்குத் தெரியும்." அவன் ஓலீட்டா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான், ஆனால் ஏரிக்கரை வரை கேட்டது. "இங்க பாரு தங்கச்சி. இப்ப சும்மா நிக்கிற, அதான் விரல் வரல. அவன் எதிர்ல வந்து நிக்கட்டும். உயிர் பயம் வந்தா உடம்புக்கு எங்கிருந்தோ பலம் வரும். நேரம் வந்தா விரல் தானா இழுக்கும்."

ஓலீட்டா கறுப்புப் பிஸ்டலைத் துணிமேல் வைத்தாள். "என் காசுலயே இத வாங்கிக்கிறேனே, வெர்லன்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கணுமா?"

அவள் வீட்டுக்கு மேலே மலைச்சரிவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற ஒரே வீடு வெர்லனுடையது. ராய்ஸ் வந்தால் அவள் ஓட வேண்டியது அந்த வீட்டுக்குத்தான். அவள் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "சரி" என்றாள். அந்த 'சரி'யை ராய்ஸிடம் பழகியிருந்தாள்.

ஹாய்ட் கத்தரிப்பூவைப் பெட்டியில் போட்டான். வெர்லன் ஒரு தோல் உறையையும் சேர்த்து வாங்கினான், அதுவும் அதே நிறத்தில்.

அந்த வாரம் வெர்லன் வீட்டுப் பின்புறம் துப்பாக்கிப் பழக்கம் என்று சொல்லித் தீ மூட்டிக் கறி சுட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். வேலிக்கட்டையில் ஒரு தர்ப்பூசணிப் பழம். ஓலீட்டா இரண்டு கை விரல்களையும் விசைக்குள் திணித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். வெடித்தது. துப்பாக்கி எகிறி அவள் நெற்றியிலேயே அடித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

வெர்லனின் பெண்டாட்டி டார்லா அதைப் போனில் பிடித்தாள். மாலைக்குள் சர்ச் குரூப் முழுக்கச் சுற்றிவிட்டது. எனக்கும் வந்தது. அதில் ஓலீட்டாவின் சத்தம் கேட்காது, மற்றவர்கள் சிரிக்கிற சத்தம்தான் கேட்கும். கடைசியில் வெர்லன் குரல்: "பாத்தியா! வெடிச்சுதுல்ல? நான்தான் சொன்னேனே!"

வீங்கின நெற்றியோடும் கட்டுப்போட்ட மணிக்கட்டோடும் அவள் தனியாக ஹாய்ட் கடைக்கு வந்தாள். கத்தரிப்பூ நிற உறையை மேஜைமேல் வைத்தாள்.

"ஹாய்ட், இத வச்சுக்க. அந்தக் கறுப்பக் குடு. மேல என்ன ஆகுதோ நான் தரேன்."

ஹாய்ட் நல்லவன். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டான். சண்டை மட்டும் ஆகாது. "தரலாம்... ஆனா வெர்லன் வாங்கிக் குடுத்ததாச்சே. அவன் தினம் இங்க வந்து உக்காருறவன். எங்கடா அதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நீ அவனையும் ஒரு வார்த்தை கூட்டிட்டு வா, ஓலீட்டா. உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேணாம்."

"சுடப்போறது நானா, அவனா?"

"அதுக்கில்ல..."

"எதுக்கில்ல, ஹாய்ட்?"

ஹாய்ட் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் உறையை எடுத்துக்கொண்டு போனாள். வெர்லனைக் கூட்டிவரவில்லை. நீங்களாயிருந்தாலும் கூட்டிவந்திருக்க மாட்டீர்கள். அவள் அதை அடுப்பங்கரையில் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள், அந்த வீடியோவுக்குப் பிறகு.

ராய்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். ஊரே சர்ச் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். பட்டப்பகல், மஞ்சள் கதவு திறந்தே இருந்தது. இனி நான் சொல்வது ஓலீட்டா பிற்பாடு என் கொட்டகையில், கையில் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு நின்றுகொண்டு சொன்னது. வேறு யாரும் அவளை என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

அவள் அடுப்பில் பீன்ஸை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவன் கதவில் சாய்ந்து நின்றான். தலைமுடி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே. "வாசனை தெருவுக்கே வருதே" என்றான்.

அவள் டப்பாவைத் திறந்து எடுத்து நீட்டினாள். கை நடுங்கவில்லை என்று சொன்னாள். அதை மட்டும் நம்பு புழுக்காரா, நடுங்கவே இல்லை என்றாள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இழுத்தாள். விரல் பாதியில் நின்றது. உயிர் பயம் இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது. பலம் எங்கிருந்தும் வரவில்லை. இன்னொரு கை விரலையும் உள்ளே திணிக்கப் பார்த்தாள், கட்டு தடுத்தது.

ராய்ஸ் அசையவில்லை. ஒருத்தி பூட்டைத் திறக்கத் தவிப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் வந்து, குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல மெதுவாக அதை வாங்கினான். திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் கலரு... யாரு வாங்கிக் குடுத்தா? வெர்லனா?"

அவள் கண் ஜன்னலுக்கு, மேலே வெர்லன் வீட்டுப் பக்கம் போனது.

"வெர்லன்தான்." அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தோட்டாக்களைக் கொட்டிச் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டான். துப்பாக்கியைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ரெண்டு தட்டு எடு" என்றான்.

அடிக்கவில்லை. அன்றைக்கு அடிக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அப்படியே இருந்துவிட்டான்.

வெர்லனுக்கு டார்லா சொல்லித் தெரிந்தது. லாரியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான், இடுப்பில் பெரிய துப்பாக்கி, வண்டிக்குள் ரைஃபிள். ராய்ஸ் வாசல்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து கத்தரிப்பூ எட்டிப் பார்த்தது.

"வா மச்சான்" என்றான் ராய்ஸ். "லாரி கியர் இன்னும் கரகரங்குதா?"

வெர்லன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். "மூணாவதுதான் சரியா விழ மாட்டேங்குது" என்றான். பிறகு உட்கார்ந்தான். ராய்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். ஓலீட்டா இரண்டு டம்ளரில் ஐஸ் டீ கொண்டுவந்து அண்ணனுக்கு ஒன்று கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான் என்றாள். டீ நன்றாக இருக்கிறது என்றானாம்.

மறுநாள் கடையில் வெர்லனே பேச்சை எடுத்தான். யாரும் கேட்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டி விவகாரம். நாம யாரு நடுவுல? நான் துப்பாக்கி வாங்கிக் குடுத்தேன், சுடவும் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் வீடியோ பாத்தீங்கல்ல, வெடிச்சுதா இல்லியா? அவன் வந்தப்ப அவ கையில துப்பாக்கி இருந்திருக்கு. சுடல. அப்ப என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?" என்றேன்.

"அவளுக்கு அவன் வேணும்னு அர்த்தம்."

ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சர்ச்சில் பெண்கள், 'துப்பாக்கி இருந்தும் சுடலியாமே, பழைய பாசம் விடல' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். டெபுடி கார்லண்ட் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தான். ராய்ஸ் அவள் தோளில், அந்த உடைந்த பக்கத் தோளில், கை போட்டுக்கொண்டு நின்றான். கார்லண்ட் அவளைக் கேட்டான்: "எல்லாம் சரிதானே மேடம்?" அவள் "சரி" என்றாள். அவன் திரும்பிப் போகிற வழியில் என் கொட்டகையில் வண்டியை நிறுத்தி என்னிடம் சொன்னான், "துப்பாக்கி வச்சுக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். வச்சுக்கிட்டே உள்ள விட்டிருக்காங்க. நான் என்ன பண்ண?"

துப்பாக்கியே இல்லாமல் இருந்திருந்தால் பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். இருந்ததால் சம்மதம் ஆகிவிட்டது. அவளைக் காப்பாற்ற வாங்கினது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

பெட்டி ஒட்டுகிற வேலையில் சம்பளம் குறைவு என்று ராய்ஸ் அவளை மறுபடியும் எலும்பு வரிசைக்கே அனுப்பினான்.

இலை உதிர்கிற காலத்தில் அவள் ஹாய்ட் கடைக்கு வந்தாள். ராய்ஸ் வெளியே வண்டியில். ஜெயிலுக்குப் போய்வந்தவன் துப்பாக்கிக் கடைக்குள் கால் வைக்கக்கூடாது என்பதில் மட்டும் அவன் சட்டத்துக்கு ரொம்ப மரியாதை கொடுப்பான். அவள் கத்தரிப்பூவை உறையோடு மேஜையில் வைத்தாள்.

"இத வித்துட்டு வரச் சொன்னான். படகு மோட்டார் வாங்கணுமாம்."

வெர்லன் தன் வழக்கமான ஸ்டூலில் இருந்தான். காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். ஹாய்ட் பணத்தை எடுத்துக் கொடுத்தான், கொடுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும் என்று நினைக்கிறேன். நல்லவன், சொன்னேனே.

அவள் பணத்தைப் பையில் போட்டாள். போகவில்லை. "அந்தக் கறுப்பு இன்னும் இருக்கா?"

இருந்தது. ஹாய்ட் இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்து வைத்தான். அவள் விரல்களை மேலே போட்டாள். வரிசைக்குத் திரும்பிப் போனதில் அவை இன்னும் கோணியிருந்தன. இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. டிக்.

"வேணும்னா எடுத்து வைக்கிறேன், ஓலீட்டா" என்றான் ஹாய்ட் மெதுவாக. "காசு அப்புறம் பாத்துக்கலாம்."

"எங்க வைப்பேன்? அவன் ஸ்பூனைக்கூட எண்ணி வைக்கிறான்." துணிமேல் அதை நேராக வைத்தாள்.

அப்போது ஒரு இளம் ஜோடி உள்ளே வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் கண் நேராகக் கத்தரிப்பூவில் போய் விழுந்தது. "ஐயோ, எவ்ளோ அழகு!"

புருஷன் அதைத் தூக்கிப் பார்த்தான். "கனமே இல்ல. இது உங்களுதா மேடம்? நல்லா இருக்குமா?"

இந்தக் கடையில் துப்பாக்கியைப் பற்றி ஓலீட்டாவைப் பார்த்து ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலிலிருந்து பதில் வந்துவிட்டது.

"என் தங்கச்சிதான் வச்சிருந்தா" என்றான் வெர்லன். "ஒரு தொந்தரவும் இல்ல. ஒரே தரம் சுட்டது, புதுசு மாதிரி."

ஓலீட்டா அண்ணனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. அந்தப் பையன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக் காலியா என்று திறந்து பார்த்து, அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"நீ இழும்மா. அவரு இல்ல, நீ."

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மான் தலையைக் குறிபார்த்தாள். இழுத்தாள். விரல் நுனி வெளுத்தது. மறுபடியும் இழுத்தாள். உதட்டைக் கடித்தாள். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு, இல்ல?" என்று புருஷனைக் கேட்டாள்.

வெளியே ராய்ஸ் ஹார்ன் அடித்தான். ஓலீட்டா மேல்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, கதவைக் கையால் தள்ள முடியாமல் தோளால் தள்ளிக்கொண்டு போனாள்.

புருஷன் ஹாய்ட் பக்கம் திரும்பினான். "பழகப் பழகச் சரியாயிடும்" என்றான். "இதையே பெட்டியில போட்டுக் குடுங்க."